சங்கதி (புதினம்)

சங்கதி, எழுத்தாளர் பாமா 1994இல் வெளியிட்ட தமிழ்ப் புதினம். தலித் கிறித்தவப் பெண்களின் உழைப்பையும் எதிர்ப்பையும் பொருளாகக் கொண்டது. பாமா 1958இல், மதுரைக்குத் தென்மேற்கே வத்திராயிருப்பை ஒட்டிய புதுப்பட்டியில் பிறந்தவர். கன்னியர் மடத்தை விட்டு வெளியேறிய பின் அவர் எழுதிய தன்வரலாறான ‘கருக்கு’ 1992இல் மதுரையிலிருந்து வெளிவந்தது. அந்நூல் ஒருத்தியின் வாழ்வைச் சொல்ல, இது ஒரு தெருவின் பெண்கள் அனைவரையும் பேசவைக்கிறது.

மையக் கதை இல்லாமல் நிகழ்ச்சிகள் அடுக்கப்பட்டிருப்பதால் இது புதினமே அன்று என்ற வாதம் உண்டு. அதை ஏற்பதற்கில்லை. பாட்டி வெள்ளையம்மாள் சொல்லக் கேட்கும் சிறுமி, பிறகு எதிர்க்கேள்வி கேட்டு, இறுதியில் மணமின்றித் தனித்து வாழும் ஆசிரியையாகிறாள். நூலை இணைக்கும் சரடு அந்த வளர்ச்சியே. நிலவுடைமையாளன் ஒருவனின் பாலியல் அத்துமீறலிலிருந்து தப்பிய மாரியம்மாள் மீதே ஊர்க்கூட்டம் தண்டம் விதிக்கும் பகுதி, சாதியும் ஆணாதிக்கமும் ஒரே தீர்ப்பில் கைகோப்பதைக் காட்டுகிறது. சொந்தச் சாதி ஆண்களின் அடி உதையை வெளிப்படுத்துவது தலித் அரசியலைப் பலவீனப்படுத்தும் என்பது மற்றொரு மறுப்பு. ஆனால் வயலில் குறைந்த கூலி, வீட்டில் அடி, மணமுறிவை அனுமதிக்காத திருச்சபை ஆகிய மூன்றையும் ஒருங்கே சுமப்பவள் பெண். இவற்றில் ஒன்றை மறைத்தால் மற்றவற்றின் பளுவும் விளங்காது. வசையும் பாட்டும் கலந்த வட்டாரப் பேச்சுநடையை முழுமையாகக் கையாண்டது நூலின் பெரும் துணிவு. லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2005இல் வெளிவந்தது.