ரகசியத் தொலைபேசிப் பதிவு: பிள்ளைப் பராமரிப்பு வழக்கில் எடுபடுமா?

மணவிலக்கு கேட்டு வழக்கறிஞரைப் பார்க்கச் செல்வோர் பலர் திருமணச் சான்றிதழையும் வங்கிக் கணக்கையும் மட்டும் கொண்டுபோவதில்லை. “அவர் பேசியதை நீங்களே கேளுங்கள்” என்று கைப்பேசியையும் நீட்டுகின்றனர். மறுமுனையில் பேசியவருக்குத் தெரியாமல் பதிவுசெய்த உரையாடல் அது. பிள்ளை தம்மிடமே வளரவேண்டும் என்பதற்கு அதுவே போதிய ஆதாரம் என்று நம்புவோரும் உண்டு.

அந்த நம்பிக்கை எந்த அளவுக்குச் சரி? பதிவை நீதிமன்றம் ஏற்பது ஒன்று. அதை நம்பித் தீர்ப்பளிப்பது வேறொன்று.

சட்டம் தடுக்கிறதா?

தாமே பங்கேற்கும் உரையாடலை ஒருவர் பதிவுசெய்வதைப் பொதுவாகக் குற்றமாக்கும் தனிச்சட்டம் சிங்கப்பூரில் இல்லை. 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும், சொந்த அல்லது குடும்பக் காரியத்துக்காகச் செயல்படும் தனிமனிதரைக் கட்டுப்படுத்தாது.

ஆனால், துணைவரின் கைப்பேசியை அனுமதியின்றித் திறப்பதும் அதில் வேவுச் செயலி பொருத்துவதும் வேறு கதை. அது 1993ஆம் ஆண்டின் கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டத்தின்கீழ் குற்றமாகலாம். அனுமதியின்றித் தகவலை அணுகியதற்கு முதல் முறை 5,000 வெள்ளி வரை அபராதம், ஈராண்டு வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

சான்று எப்படிக் கிடைத்தது என்பதைவிட, வழக்கோடு அதற்குத் தொடர்பு உண்டா என்பதையே சிங்கப்பூர் நீதிமன்றங்கள் முதலில் பார்க்கின்றன. வழக்கறிஞர் ஒருவர்மீதான ஒழுங்கு நடவடிக்கை வழக்கில் 2007ல் மூன்று நீதிபதிகள் அமர்வு இதைத் தெளிவுபடுத்தியது. முறைகேடாகப் பெறப்பட்டது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு சான்றைத் தள்ளிவிட முடியாது. அதனால் விளையும் பாதகம் அதன் சான்று மதிப்பை விஞ்சும்போதே அதை விலக்கலாம் என்பது அதன் சாரம்.

ஆகவே, ரகசியப் பதிவுக்கு நீதிமன்றத்தின் கதவு அடைக்கப்படவில்லை. உள்ளே போன பிறகுதான் சிக்கலே.

நீதிபதி எதைத் தேடுகிறார்?

மாதர் சாசனத்தின் 125ஆம் பிரிவின்படி, பராமரிப்பு வழக்கில் முதன்மையானது பிள்ளையின் நலன். பெற்றோரின் விருப்பமும், சொந்தமாகக் கருத்துச் சொல்லும் வயதை அடைந்திருந்தால் பிள்ளையின் விருப்பமும் கருத்தில் கொள்ளப்படும். முஸ்லிம் தம்பதியரின் மணவிலக்கை ஷரியா நீதிமன்றம் விசாரிக்கிறது.

கல்வி, சமயம், சிகிச்சை போன்ற பெரிய முடிவுகளில் பெற்றோர் இருவருக்கும் பங்கு இருக்கவேண்டும் என்பதே பொதுநிலை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005ல் கூறியது. கொடுமை போன்ற விதிவிலக்கான சூழலில்தான் அந்த உரிமை ஒருவருக்கு மட்டும் செல்லும். எனவே பெரும்பாலான வழக்குகளில் எஞ்சும் கேள்விகள் இரண்டு: பிள்ளை அன்றாடம் யாருடன் இருக்கும், மற்றவர் எப்போது வந்து பார்ப்பார்.

இந்தக் கேள்விகளுக்கு மூன்று நிமிடச் சண்டையின் பதிவு தரும் விடை குறைவு. மனம் உடைந்த நேரத்தில் கணவனும் மனைவியும் கடுஞ்சொல் பேசுவது நீதிபதிக்குப் புதிதன்று. பிள்ளையை அடித்ததாக ஒப்புக்கொள்வது, பிள்ளைக்கு மிரட்டல் விடுப்பது போன்ற பதிவுகளின் எடை வேறு. சொல்லாமல் ஊருக்கு அழைத்துப்போய்விடப் போவதாகக் கூறும் பேச்சும் அப்படித்தான். பராமரிப்பு ஆணை நடப்பிலிருக்கும்போது, மற்றவரின் எழுத்துபூர்வச் சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ இன்றிப் பிள்ளையை வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்லக் கூடாது. பிள்ளையைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவர் ஒரு மாதத்துக்குட்பட்ட பயணம் செல்வது மட்டும் விலக்கு. பிள்ளைக் கடத்தல் தொடர்பான ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேராததால், தமிழகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட பிள்ளையைத் திரும்பப் பெறுவது எளிதன்று.

‘கொன்னுடுவேன்’ என்றால்?

தமிழ்ப் பதிவுகளுக்கு இன்னொரு சிக்கல். ஆங்கிலத்தில் இல்லாத சான்றைச் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்புடனேயே தாக்கல் செய்யவேண்டும். “சாப்பிடலன்னா கொன்னுடுவேன்” என்று தமிழ்த்தாய் சோற்றுத் தட்டோடு பிள்ளையின் பின்னால் ஓடுவதை நாம் அறிவோம். அதே சொற்கள் ஆங்கிலத் தாளில் கொலை மிரட்டலாகத் தெரியும். ‘காலை ஒடச்சிடுவேன்’ என்பதற்கும் அதே கதிதான்.

மறுபுறம், பத்தாண்டுகள் ‘நீங்க’ என்று பேசியவர் திடீரென ‘நீ’ என்பதில் உள்ள இழிவு மொழிபெயர்ப்பில் காணாமல் போய்விடும். முன்பின் பேச்சை வெட்டிவிட்டுக் கொடுத்தால் ஐயம் இன்னும் கூடும். பதிவுசெய்பவர் தாம் மட்டும் நிதானமாகப் பேசி, எதிராளியைச் சீண்டியிருந்தால் அதுவும் வெளிப்பட்டுவிடும்.

இந்தியாவும் இங்கிலாந்தும்

சிங்கப்பூரின் சான்றுச் சட்டமும் இந்தியாவின் 1872ஆம் ஆண்டுச் சட்டமும் ஒரே வேரிலிருந்து வந்தவை. இந்தியத் தீர்ப்புகள் இங்கு கட்டுப்படுத்தாவிட்டாலும் கவனிக்கத்தக்கவை.

பட்டிண்டா குடும்ப நீதிமன்றத்தில் தொடங்கிய மணவிலக்கு வழக்கில், மனைவிக்குத் தெரியாமல் பதிவான தொலைபேசி உரையாடல்களைக் கணவர் தாக்கல் செய்தார். அது அந்தரங்க உரிமைக்கு எதிரானது என்று பஞ்சாப், ஹரியானா உயர் நீதிமன்றம் 2021ல் தடுத்தது. 2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும், மனைவியின் அழைப்பு விவரங்களை அவரறியாமல் எடுத்த கணவரின் சான்றை ஏற்க மறுத்தது. ஆனால் 2025 ஜூலை 14ஆம் தேதி பட்டிண்டா வழக்கில் உச்ச நீதிமன்றம், தம்பதியருக்கு இடையிலான வழக்கில் இத்தகைய பதிவைச் சான்றாக ஏற்கலாம் என்று தீர்ப்பளித்தது. ஒருவரை ஒருவர் வேவு பார்க்கும் நிலை வந்துவிட்டால், அந்த உறவு ஏற்கெனவே முறிந்துவிட்டதற்கு அதுவே அறிகுறி என்றும் அது சுட்டியது.

பிள்ளையையே கருவியாக்கியவருக்கு என்ன நேரும் என்பதற்கு இங்கிலாந்தின் 2016ஆம் ஆண்டு வழக்கு பாடம். மகளின் பள்ளி மேலங்கியில் ஒலிப்பதிவுக் கருவியைத் தைத்து அனுப்பினார் தந்தை. சமூக ஊழியர்களிடம் சிறுமி பேசியதைப் பதிவுசெய்வது அவரது நோக்கம். எழுத்தில் நூறு பக்கத்தைத் தாண்டிய அந்தப் பதிவு அவருக்கு உதவவில்லை. அவருடன் வாழ்ந்த சிறுமி தாயிடம் அனுப்பப்பட்டாள். பிள்ளைகளை ரகசியமாகப் பதிவுசெய்வது ஏறத்தாழ எப்போதுமே தவறு என்றார் நீதிபதி.

பதிவு வைத்திருப்போர் கவனத்துக்கு

* மூலக் கோப்பை வெட்டாமல், திருத்தாமல் வைத்திருங்கள். தேதியையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.
* உறவினர் வாட்ஸ்அப் குழுவில் பகிராதீர்கள். துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம் உங்கள்மீதே பாயக்கூடும்.
* பிள்ளையிடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்கிப் பதிவுசெய்யாதீர்கள். பிள்ளையின் மனத்தை அறிய நீதிமன்றத்துக்கு வேறு வழிகள் உண்டு. நீதிபதி நேரில் பேசலாம், பராமரிப்பு மதிப்பீட்டு அறிக்கை கேட்கலாம், பிள்ளைக்கெனப் பிரதிநிதியை நியமிக்கலாம்.
* பதிவை மட்டும் நம்பாதீர்கள். மருத்துவ அறிக்கை, காவல்துறைப் புகார், பள்ளிப் பதிவுகள் ஆகியவை கூடுதல் வலுச்சேர்க்கும்.
* தாக்கல் செய்யுமுன் வழக்கறிஞரிடம் முழுப் பதிவையும் கேட்கக் கொடுங்கள். உங்கள் குரலும் அதில் இருக்கிறது.

வசதி குறைந்தோர் சட்ட உதவிப் பிரிவையும் ‘புரோ போனோ எஸ்ஜி’ அமைப்பையும் நாடலாம். சமூக மன்றங்களில் நடக்கும் இலவசச் சட்ட ஆலோசனைக்கும் செல்லலாம். வீட்டில் வன்முறை இருந்தால், பதிவு சேரும்வரை காத்திருக்க வேண்டாம். 1800-777-0000 என்ற தேசிய வன்முறைத் தடுப்பு உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது.

வழக்கு முடிந்த பின்னும் தாயும் தந்தையும் பள்ளி விடுமுறை, காய்ச்சல், தேர்வு என்று பல ஆண்டுகள் தொலைபேசியில் பேசியாக வேண்டும். ஒவ்வோர் அழைப்பும் பதிவாகிறதோ என்ற அச்சம் புகுந்துவிட்டால், பேச்சு குறையும். அதன் இழப்பு பிள்ளைக்குத்தான்.