காருக்குள் ஓடும் இரண்டு கம்பி



எஞ்சின் விளக்கு எரிகிறது என்று காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டால், மெக்கானிக் இப்போதெல்லாம் முதலில் பானட்டைத் திறப்பதில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் ஒரு கருவியைச் சொருகி, கோளாறு எங்கே என்று படித்துச் சொல்கிறார். அந்த சாக்கெட்டுக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது 'கேன்' எனப்படும் முறுக்கிய இரட்டைக் கம்பி. அதன் கதை இது. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

1980களில் எஞ்சினுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, கியருக்கு ஒன்று என்று கார்களில் மின்னணுப் பெட்டிகள் பெருகின. இவை தங்களுக்குள் பேசியாக வேண்டும். ஒவ்வொரு ஜோடிக்கும் தனிக் கம்பி என்றால்? நம் பழைய கணக்குதான்: 10 பெட்டிக்கு 45 இணைப்பு, 20 பெட்டிக்கு 190.

ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தில் ஊவே கீன்கே என்பவரின் குழு 1983-இல் வேலையைத் தொடங்கி, 1986 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெட்ராய்ட் மாநாட்டில் கேனை அறிமுகம் செய்தது. மறு ஆண்டே இன்டெல் அதற்கான சிப்பை வெளியிட்டது. கம்பியைக் குறைக்கத்தான் இதைக் கண்டுபிடித்தார்கள் என்று பலரும் எழுதுகிறார்கள். புதிய வசதிகளைச் சேர்ப்பதுதான் அவர்களின் முதல் நோக்கம். கம்பி மிச்சமானது கூடவே கிடைத்த லாபம். 1990களின் தொடக்கத்தில் மெர்சிடிஸின் பெரிய கார்களில் கேன் ஓடத் தொடங்கியது. 1993-இல் அது ஐஎஸ்ஓ தரமானது.

அதன் அழகு எங்கே என்றால், எல்லாப் பெட்டிகளும் ஒரே கம்பியில்தான் பேசுகின்றன. 'நீ பேசு' என்று சொல்ல வகுப்புத் தலைவன் கிடையாது. இரண்டு பெட்டிகள் ஒரே நேரத்தில் வாய் திறந்தால்? ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண் உண்டு. கம்பியில் 0-வும் 1-உம் மோதினால் 0-தான் ஜெயிக்கும். 5-ஆம் எண் செய்தியும் 6-ஆம் எண் செய்தியும் மோதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். இரும எண்ணில் 101, 110. முதல் இலக்கம் இரண்டுக்கும் 1. இரண்டாவதில் 6 அனுப்புவது 1, ஆனால் கம்பியில் தெரிவது 0. உடனே அது வாயை மூடிக்கொண்டு கேட்க ஆரம்பித்துவிடும். 5-இன் செய்தி ஒரு துளிகூடச் சிதறாமல் போய்ச் சேரும். அவசரச் செய்திக்குச் சிறிய எண் கொடுத்தால் போதும். எத்தனையோ முறை வகுப்பில் கத்தி ஓய்ந்த எனக்கு இந்த ஒழுங்கைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது! இன்னொன்று: அனுப்புவதில் அடிக்கடி பிழை செய்யும் பெட்டி, தன் பிழைகளைத் தானே எண்ணி, 255-ஐத் தாண்டினால் தானாகவே கம்பியிலிருந்து விலகிக்கொள்ளும்.

ஆனால் அந்த எண், செய்தி எதைப் பற்றியது என்றுதான் சொல்லும். யார் அனுப்பியது என்று சொல்லாது. வெளியாள் உள்ளே வரவே முடியாத காலத்தில் அது போதுமானதாக இருந்தது. பிறகு காருக்கு இன்டர்நெட் வந்தது. 2015-இல் சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், வீட்டில் உட்கார்ந்தபடியே, நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஜீப்பின் வேகத்தை முடக்கிக் காட்டினார்கள். செல்போன் வலை வழியாகக் காரின் பாட்டுப் பெட்டிக்குள் நுழைந்து, அங்கிருந்து கேன் கம்பிக்கு இறங்கினார்கள். ஓட்டியவர் முன்பே ஒப்புக்கொண்ட பத்திரிகையாளர்தான். ஆனாலும் 14 லட்சம் வண்டிகளை நிறுவனம் திருத்தத்துக்குத் திரும்ப அழைக்க நேர்ந்தது. 2022-இல் லண்டனில் ஒரு காரின் முன்விளக்குக் கம்பி வழியாகவே கேனுக்குள் பொய்ச் செய்தி செலுத்தி, காரை ஓட்டிக்கொண்டே போய்விட்டார்கள். பறிகொடுத்தவர் யார் தெரியுமா? கார்ப் பாதுகாப்பு ஆய்வாளர்!

இப்போது பல கார்களில் நடுவே ஒரு காவல் பெட்டி வைத்து, எந்தச் செய்தி எங்கே போகலாம் என்று வடிகட்டுகிறார்கள். முக்கியமான செய்திகளோடு ரகசிய முத்திரையும் அனுப்பும் முறை வந்துவிட்டது. பழைய கார்களில் இவை இருக்காது. அதனால் மைலேஜ் பார்ப்பதற்காக ப்ளூடூத் டாங்கிளை அந்த சாக்கெட்டில் சொருகி வைத்திருப்பவர்கள், வேலை முடிந்ததும் கழற்றி வைத்துவிடுங்கள்.