எரிந்தால்தான் மருந்தா? முகப்பரு சிகிச்சையின் கதை

முகத்தில் பரு வந்ததும் பலர் செய்யும் முதல் வேலை, சோப்பைப் போட்டு அழுத்தித் தேய்ப்பதுதான். மருந்து எரிந்தால்தான் அது வேலை செய்கிறது என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. ஒரு காலத்தில் மருத்துவர்களே இப்படித்தான் நம்பினார்கள்!

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கந்தகமும் ரிசார்சினாலும் பூசித் தோலை உரித்தார்கள். முகத்தில் எக்ஸ்ரே கதிர்களைக்கூடப் பாய்ச்சினார்கள். பருக்கள் குறைந்தன. ஆனால் அப்படிச் சிகிச்சை பெற்றவர்களில் சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்துத் தோல் புற்றுநோயும் தைராய்டு புற்றுநோயும் வந்தன.

பருவுக்குக் காரணம் அழுக்கு அல்ல. தோலின் நுண்துளைக்குள் எண்ணெயும் இறந்த செல்களும் சேர்ந்து அடைத்துக்கொள்கின்றன. அங்கே பாக்டீரியா பெருகி வீக்கம் உண்டாகிறது. மேலே எவ்வளவு தேய்த்தாலும் உள்ளே இருக்கும் அடைப்பு போகாது. தோல்தான் புண்ணாகும்.

இந்த அடைப்பை நீக்கும் மருந்தாக வந்தது டிரெட்டினாயின். இது வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மனும் அவரது சகாக்களும் இதுபற்றிய ஆய்வை 1969இல் வெளியிட்டார்கள். 1971இல் 'ரெட்டின்-ஏ' என்ற பெயரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மருந்து பலன் தந்தது. கூடவே முகம் சிவந்தது, எரிந்தது, உரிந்தது.

இந்த வெற்றிக்குப் பின்னால் ஓர் இருண்ட பக்கமும் உண்டு. பிலடெல்பியா நகரின் ஹோம்ஸ்பர்க் சிறையில் 1951 முதல் 1974 வரை கிளிக்மன் கைதிகள்மேல் பலவிதச் சோதனைகள் நடத்தினார். டிரெட்டினாயினும் அங்கே சோதிக்கப்பட்டது. கைதிகளில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். சில டாலர்களுக்காகத் தங்கள் தோலைக் கொடுத்த அவர்களுக்கு ஆபத்துகள் முறையாகச் சொல்லப்படவில்லை. பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளி 2021இலும், நகர நிர்வாகம் 2022இலும் இதற்காக மன்னிப்புக் கேட்டன.

'எரிந்தால்தான் மருந்து' என்ற நம்பிக்கையை அசைத்த ஆய்வு ஒன்று 1986இல் வெளிவந்தது. அதை எழுதியவர்களில் கிளிக்மனும் ஒருவர் என்பது குறிப்பிடத்தக்கது. பென்சாயில் பெராக்சைடு என்ற மருந்தை 2.5, 5, 10 சதவீத அளவுகளில் 153 பேரிடம் ஒப்பிட்டார்கள். வீங்கிச் சிவந்த பருக்களைக் குறைப்பதில் 2.5 சதவீத மருந்து 10 சதவீத மருந்துக்கு இணையாகவே இருந்தது. எரிச்சலும் உரிதலும் மட்டும் குறைவு!

1996இல், டிரெட்டினாயினைவிடக் குறைவாக எரிச்சல் தரும் அடாபலீன் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2016 முதல் அதன் 0.1 சதவீத ஜெல் அங்கே மருத்துவர் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது.

இன்று தோல் மருத்துவர்கள் சொல்வது எளிமையானது. மென்மையான சோப்பால் நாளுக்கு இருமுறை கழுவினால் போதும். மருந்தைக் குறைந்த அளவில், ஒருநாள் விட்டு ஒருநாள் எனத் தொடங்கலாம். தோல் வறண்டால் மாய்ஸ்சரைசர், வெயிலில் போகும்போது சன்ஸ்கிரீன். பலன் தெரிய இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். அதுவரை பொறுமை வேண்டும்.

சாதாரணமாகத் தோன்றும் இந்த அறிவுரைக்குப் பின்னால், கதிர்களில் வெந்த முகங்களும் சிறைக்குள் புண்பட்ட முதுகுகளும் இருக்கின்றன. அதை அறிந்த பிறகும் முகத்தைப் போட்டுத் தேய்ப்பானேன்?