உமறு கத்தாபும் சாம்பல் ஆண்டும்

பரமட்டாவிலிருந்து பேசுகிறேன்.

சீறாப்புராணம் படித்தவர்களுக்கு உமறு கத்தாபைத் தெரியும். நபிகளைக் கொல்ல வாளோடு புறப்பட்டு, வழியில் தங்கை வீட்டில் திருமறை கேட்டு மனம் மாறியவர். உமறுப்புலவர் அதற்குத் தனிப் படலமே பாடியிருக்கிறார். ஆனால் காப்பியம் நபிகளின் வாழ்நாளுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. 634இல் கலீஃபாவான உமறை அதில் தேட முடியாது. எனக்குப் பெரியவராகப் படுபவர் அந்த உமறுதான்.

639 வாக்கில் அரபு நாட்டில் மழை பொய்த்தது. மண் சாம்பல் நிறமானதால் அதைச் சாம்பல் ஆண்டு என்றார்கள். பசித்த நாடோடிகள் மதீனாவில் வந்து குவிந்தார்கள். உமறு சிரியாவிலிருந்து ஒட்டகங்களில் உணவு வரவழைத்தார். நல்ல அரசர் எவரும் செய்யக்கூடியதுதான். ஆனால் மக்களுக்குக் கிடைக்கும்வரை நெய்யும் இறைச்சியும் தனக்கு வேண்டாம் என்று விலக்கினாரே, அதை எத்தனை பேர் செய்வார்கள்? எண்ணெய் ஒத்துக்கொள்ளாமல் வயிறு இரைந்ததாம். அந்த வயிற்றையே அதட்டினாராம். சிவந்த மேனி கறுத்துப்போனது என்று பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள்.

சட்டத்தில் கண்டிப்பானவர் என்று பேரெடுத்த மனிதர் அவர். அந்தப் பஞ்ச காலத்தில் திருட்டுக்கான கைவெட்டுத் தண்டனையை நிறுத்திவைத்தார்.