கச்சேரிக் காகிதங்களும் வம்ச வரலாறும்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஒரு குடும்பத்தின் பூர்வோத்தரத்தை ஆராயப் புகுவோர் முதற்கண் தெளிய வேண்டுவது, அக்குடும்பம் எந்தக் கவுண்டியில், அதாவது மாநிலத்தின் உட்பிரிவான எந்த மாவட்டத்தில், வாழ்ந்தது என்பதாகும்; விவாகப் பத்திரமும் மரணசாசனமும் நிலக்கிரயமும் பெரும்பாலும் அந்தந்தக் கவுண்டியின் கச்சேரியிலேயே பதிவாகி, தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருந்துவருகின்றன. இடம் மாறித் தேடியதனால் வளர்ந்த ஓர் அபவாதம், ஆபிரகாம் லிங்கனைப் பெற்ற தாயையே பற்றிக்கொண்டது.

1792ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கெண்டக்கி தனி மாநிலமாயிற்று. அவ்வாண்டிலேயே நெல்சன் கவுண்டியினின்று பிரித்து அது அமைத்த முதற் கவுண்டி வாஷிங்டன். அதன் தலைமையூர் ஸ்பிரிங்பீல்டு. பூர்வகுடிகளின் வேட்டைக் காடுகளை வெள்ளையர் வெட்டித் திருத்தி விளைநிலமாக்கிய அக்காலத்தில், 1786இல், லிங்கனின் பாட்டனார் தம் நிலத்திலேயே பூர்வகுடியினன் ஒருவனால் கொல்லப்பட, விதவையான பாத்ஷெபா ஐந்து மக்களுடன் இப்பிரதேசத்துக்கு வந்து குடியேறினார். அந்நாளைய சட்டப்படி தந்தையின் நிலம் மூத்தவரான மார்டெகாய்க்கே போயிற்று. இளைய குமாரர் தாமஸ் கூலிவேலை செய்தும் தச்சுத்தொழில் பயின்றும் ஆளானார்.

லிங்கனின் தந்தையான இந்தத் தாமஸுக்கும் தாயான நான்சி ஹாங்க்ஸுக்கும் 1806 ஜூன் 12ஆம் நாள் வாஷிங்டன் கவுண்டியில் ஜெஸ்ஸி ஹெட் என்னும் மெதடிஸ்ட் குரு விவாகம் செய்துவைத்தார். ஆனால் தம்பதிகள் குடித்தனம் நடத்தியதோ ஹார்டின் கவுண்டியில். லிங்கன் 1809இல் பிறந்த இடமும் அக்காலத்தில் அதனுள்ளேயே அடங்கியிருந்து, 1843இல் லாரூ என்னும் புதுக் கவுண்டியின் பாகமாயிற்று. பிற்காலத்தில் ஹார்டின் கச்சேரியில் தேடியவர்களுக்கு விவாகப் பதிவு எதுவும் அகப்படவில்லை. காகிதம் இல்லாத இடத்தில் வதந்தி குடிபுகுந்தது; இறந்துபோன ஒரு மாதரசியின் ஒழுக்கத்தின்மீது, பதில் சொல்ல அவள் இல்லை என்ற துணிவில், மாசு கற்பிக்கப்பட்டது. இதைக் கொடுமை என்றன்றி வேறெவ்வாறு சொல்வது?

1878இல், லிங்கன் மறைந்து பதின்மூன்று ஆண்டுகள் சென்றபின், வாஷிங்டன் கவுண்டியின் தலைமைக் குமாஸ்தா டபிள்யூ. எஃப். புக்கர் பழைய கட்டுகளை ஆராய்ந்து அந்த ஆதாரத்தைக் கண்டெடுத்தார். விவாகத்துக்குத் தடை எதுவும் இல்லையென்று மணமகன் ஒரு பிணையாளியுடன் சேர்ந்து 50 பவுன் தொகைக்கு எழுதிக்கொடுக்கும் ஜாமீன் பத்திரம் அது. நாள் ஜூன் 10. மணமகன் தாமஸ் லிங்கன். பிணையாளி ரிச்சர்டு பெர்ரி. ஜெஸ்ஸி ஹெட் தாம் நடத்திய விவாகங்களைக் குறித்துக் கச்சேரிக்கு அனுப்பிய பட்டியலிலும் தாமஸ், நான்சி இருவர் பெயரும் இருந்தன.

ஆயினும், பத்திரம் அகப்பட்டதனால் பழி நீங்கியது இந்த ஒரு தாய்க்கே. அதே மண்ணில் அடிமைப்பட்டு உழைத்த கறுப்பின மக்களின் விவாகங்களைச் சட்டம் விவாகமாகவே மதிக்கவில்லை. 1850, 1860ஆம் ஆண்டுகளின் அடிமைக் கணக்குகளில் எஜமானன் பெயரின்கீழ் வயது, பால், நிறம் ஆகியவை உண்டு. அடிமைகளின் பெயர் பெரும்பாலும் இல்லை. எனவே அவர்தம் சந்ததியார், 1870ஆம் ஆண்டின் குடிக்கணக்குக்கு முன்னே செல்ல விரும்பினால், தம் முன்னோரை எஜமானரின் மரணசாசனங்களிலும் சொத்து ஜாபிதாக்களிலும், மாடு குதிரைகளோடு விலை மதிக்கப்பட்டவர்களாகத்தான் காண நேர்கிறது. விடுதலைக்குப் பின், 1866இல் கெண்டக்கி இயற்றிய சட்டம், நெடுங்காலம் கூடி வாழ்ந்த கறுப்பினத் தம்பதிகள் கவுண்டிக் குமாஸ்தாவின் முன் தோன்றித் தாங்கள் கணவன் மனைவியர் என்று அறிவித்து, கட்டணம் செலுத்திப் பதிவு செய்துகொள்ள இடமளித்தது.