கரண்டி புடிக்க ஒரு படிப்பு

போன மாசம் சேலையூர்ல எங்க அபார்ட்மெண்ட் மொட்டை மாடியில ஒரு சமையல் போட்டி. நுழைவுக் கட்டணம் 200 ரூபா. சேர்ற காசு அத்தனையும், வசதியில்லாத பசங்க சில பேரை சமையல் தொழில் பயிற்சிக்கு அனுப்ப. தங்கமணி பேரு குடுத்துட்டாங்க. அவங்க பேரை இல்லை, என் பேரை! பொட்டி தட்டுற கை அடை தட்டினா என்ன ஆகும்? கல்லை விட்டு வரவே மாட்டேன்னுடுச்சு. அதை விடுங்க.

பாத்திரம் எடுத்து வைக்க வந்த பையன், பயிற்சிக்குப் போகப் போறவங்கள்ல ஒருத்தன். அவன் அப்பா கல்யாண சமையல் மாஸ்டர். "கரண்டி புடிக்கவாடா உன்னை பத்தாவது படிக்க வெச்சேன்னு திட்டுறாருண்ணா. இதுக்கெல்லாம் நெசமாவே படிப்பு இருக்கா?"ன்னான். இருக்குடான்னேன். யாரு ஆரம்பிச்சான்னு கேட்டான். முழிச்சேன். அப்புறம் தேடிப் படிச்சதுதான் இந்தப் பதிவு.

அந்தக் காலத்துல ஹோட்டல் தொழில் கத்துக்க ஒரே வழி, அடுப்படியில எடுபிடியா சேர்றது. 1938ல ராயப்பேட்டையில உட்லண்ட்ஸ் ஆரம்பிச்ச கே. கிருஷ்ணராவ் கூட அப்படிக் கீழேருந்து வந்தவர்தான். ஆனா அந்த அடுப்படிக்குள்ள நுழையறதுக்கே சொந்தக்காரனா, ஊர்க்காரனா, ஒரே சாதியா இருக்கணும். எல்லாருக்கும் திறந்த கதவு இல்லை அது.

படிப்புன்னு ஒண்ணு வந்ததுக்குக் காரணம் ஆடம்பர ஹோட்டல் இல்லைங்க, பஞ்சம்! சுதந்திரம் வந்த புதுசுல நாட்டுல கடும் உணவுத் தட்டுப்பாடு. 1950லேர்ந்து 52 வரைக்கும் மத்திய உணவு மந்திரி கே.எம். முன்ஷி. அவர் மனைவி லீலாவதி முன்ஷி பெண்களைச் சேர்த்து 'அன்னபூர்ணா'ங்கற பேர்ல உணவகங்கள் நடத்தினாங்க. அரிசி, கோதுமையைக் குறைச்சு வேற பொருள்ல சமைச்சுக் குறைஞ்ச விலையில போடணும்ங்கறது திட்டம். இதைச் செய்ய ஆளைப் பழக்கணுமே? அந்த முயற்சியோட தொடர்ச்சியா 1954ல பம்பாய்ல நாட்டோட முதல் கேட்டரிங் கல்லூரி வந்துச்சு. 1962ல டெல்லி, 1963ல நம்ம சென்னையும் கல்கத்தாவும்.

வேளச்சேரி தாண்டி தரமணில இருக்கே, அதுதான் சென்னைக் கல்லூரி. எத்தனையோ தடவை ஆபீஸ் போகும்போது தாண்டியிருக்கேன். அதோட நீளமான பேர்ல 'பயன்பாட்டு ஊட்டச்சத்து'ன்னு ஒரு வால் இருக்கும். ஹோட்டல் படிப்புல ஊட்டச்சத்துக்கு என்ன வேலைன்னு நினைச்சதுண்டு. இந்தக் கல்லூரிகள் முதல்ல இருந்தது உணவுத் துறைக்குக் கீழ. 1982லதான் சுற்றுலாத் துறைக்கு மாறுச்சு.

நோக்கமும் மாறிடுச்சு. பசிக்குப் பொறந்த படிப்பு, மூணு வருஷப் பட்டம், ப்ளஸ் டூ, நுழைவுத் தேர்வு, இங்கிலீஷ்னு ஆயிடுச்சு. நம்ம பையனுக்கு எட்டாத உயரம். சாதிக்கதவு போய் இங்கிலீஷ் கதவு வந்த கதை.

2009-10ல மத்திய சுற்றுலா அமைச்சகம் 'ஹுனர் சே ரோஸ்கார் தக்'னு (திறமையிலேர்ந்து வேலை வரைக்கும்) ஒரு திட்டம் கொண்டு வந்தது. எட்டாவது படிச்சிருந்தா போதும், சில வாரம் இலவசப் பயிற்சி, உதவித்தொகையும் உண்டு. அதே கல்லூரிகள்லயே நடத்தினாங்க. கிட்டத்தட்ட 30 வருஷம் கழிச்சு கதவு கொஞ்சம் திறந்துச்சு.

வெளிநாட்டுலயும் இதே பாடுதான். லண்டன்ல ஜேமி ஆலிவர் 2002ல வேலையில்லாத 15 பேரைப் பழக்கி 'ஃபிஃப்டீன்'னு உணவகம் திறந்தார். 2019ல மூடிட்டாங்க. கடை போச்சு, ஆனா கத்துக்கிட்டவன் கைத்தொழில் போகாதில்ல?

இதையெல்லாம் பையன்கிட்ட சொன்னேன். அவன் அப்பாகிட்ட சொல்லியிருக்கான். அவர் ஒரே கேள்வி கேட்டாராம்: "அங்க சொல்லிக் குடுக்கறவங்க, ஆயிரம் பேருக்கு ஒரே பந்தியில சாம்பார் வெச்சிருக்காங்களா?"

எனக்குப் பதில் தெரியலை. கேள்வியில கோபம் மட்டும் இல்லை. முப்பது வருஷம் அடுப்பு முன்னாடி நின்னவருக்கு யாரும் ஒரு சான்றிதழும் குடுக்கலை, ரெண்டு மாசத்துல பையனுக்குக் குடுக்கறாங்க. வலிக்கத்தானே செய்யும்?

பையன் வர்ற திங்கக்கிழமை சேர்றான். சனி ஞாயிறு அப்பாவோட கல்யாண வேலைக்கும் போவானாம். அது அப்பா போட்ட கண்டிஷன். ரெண்டு இடத்துலயும் படிக்கட்டும்.

உங்க ஊர்ல இப்படிப் படிச்சு வந்தவங்க யாராவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. அடை கல்லுல ஒட்டாம இருக்க வழி தெரிஞ்சவங்களும் சொல்லலாம் :-)