சங்கிலி விதி செல்லாத இடத்தில் வெப்பம்: எல்லையற்ற கோட்டுருக்களில் வளைவுச் சமனிலிகள் உருவான வரலாறு

பீட்டர் லீயும் ஷிங்-துங் யாவும் 1986இல் ‘ஆக்டா மேத்தமேட்டிகா’ இதழில் வெளியிட்ட சமனிலியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரிச்சி வளைவு எங்கும் சுழியத்துக்குக் குறையாத முழுமையான வெளி ஒன்றில் வெப்பம் பரவுகிறது. வெப்பநிலையின் மடக்கையை எடுத்து, அதன் சாய்வின் வர்க்கத்திலிருந்து அதன் நேர மாறுவீதத்தைக் கழித்தால், வருவது பரிமாணத்தை நேரத்தின் இருமடங்கால் வகுத்த ஈவைத் தாண்டாது. இந்த ஒரு வரம்பிலிருந்து, ஓரிடத்தில் இப்போதுள்ள வெப்பநிலையை வேறோரிடத்தில் பிறகு இருக்கப்போகும் வெப்பநிலையோடு ஒப்பிடும் ஹார்னாக் சமனிலியும், வெப்பம் எவ்வளவு தூரம் எவ்வளவு மெலிந்து சேரும் என்ற காஸிய மதிப்பீடும் பிறக்கின்றன. இதே சமனிலி கோட்டுருக்களுக்கு வந்துசேர ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பிடித்தன. ஏன் அவ்வளவு காலம் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

எடையிட்ட கோட்டுருவில் முனைகளும் அவற்றை இணைக்கும் விளிம்புகளும் உண்டு. ஒவ்வொரு விளிம்புக்கும் ஓர் எடை, ஒவ்வொரு முனைக்கும் ஓர் அளவை. ஒரு முனையில் லாப்லாசியனைக் கணக்கிட, அண்டை முனைகளோடு உள்ள வேறுபாடுகளை விளிம்பு எடைகளால் பெருக்கிக் கூட்டி, முனையின் அளவையால் வகுக்கிறோம். வகைக்கெழு எங்கும் இல்லை, கழித்தல் மட்டுமே. இந்தப் பொருள் புதிதன்று. சமவாய்ப்பு நடை ஒன்றாம், இரண்டாம் பரிமாணக் கட்டங்களில் புறப்பட்ட இடத்துக்கு உறுதியாகத் திரும்பும், மூன்றாம் பரிமாணம் முதல் அப்படியன்று என்று போல்யா காட்டியது 1921இல். கூரண்ட், ஃபிரெட்ரிக்ஸ், லெவி ஆகிய மூவரின் வேறுபாட்டுச் சமன்பாட்டுக் கட்டுரை 1928. எல்லையற்ற கோட்டுருவை வடிவியல் கண்ணோடு பார்த்தவர்களில் டோட்சியுக் முக்கியமானவர். சமசுற்றளவுச் சமனிலியைச் சமவாய்ப்பு நடையோடு இணைத்த அவரது கட்டுரை 1984இல் வந்தது.

1999இல் டெல்மோட் ஒரு பெரிய கதவைத் திறந்தார். பந்தின் ஆரத்தை இருமடங்காக்கினால் அதன் கன அளவு ஒரு நிலையான மடங்குக்கு மேல் வளராது என்ற இரட்டிப்புப் பண்பும், ஒரு சார்பின் ஏற்றத்தாழ்வை அதன் சாய்வால் கட்டுப்படுத்தும் போங்காரே சமனிலியும் சேர்ந்தால், கோட்டுருவிலும் ஹார்னாக் சமனிலி கிடைக்கும், மறுதலையும் உண்மை. அழகான தேற்றம்தான், ஆனால் அதன் நிபந்தனைகளைச் சோதிக்க எல்லா ஆரங்களிலும் எல்லாப் பந்துகளையும் பார்க்க வேண்டும். எல்லையற்ற கோட்டுருவில் அது எளிதில் ஆகிற காரியமன்று. வளைவு என்ற கருத்து இங்கே தேவைப்பட்டது இதற்காகத்தான்: ஒரு முனையிலிருந்து இரண்டு அடி தள்ளி மட்டும் பார்த்து, முழுக் கோட்டுருவைப் பற்றியும் பேச ஒரு வழி.

வழி ஏற்கெனவே பாதி போடப்பட்டிருந்தது. 1946இல் போக்னர் தந்த முற்றொருமையில், சாய்வின் வர்க்கத்துக்கு லாப்லாசியனைச் செலுத்தினால் ரிச்சி வளைவு தானாக வெளிப்படும். 1985இல் பக்ரியும் எமெரியும் அதைத் தலைகீழாக்கினர். முற்றொருமையின் விளைவான சமனிலியையே வளைவின் வரையறையாகக் கொண்டனர். வளைவின் கீழ்வரம்பு ஓர் எண், பரிமாணம் இன்னோர் எண். லாப்லாசியன் இருந்தால் போதும், வெளி வழுவழுப்பாக இருக்க வேண்டியதில்லை. யொங் லின்னும் யாவும் 2010இல் இதைக் கோட்டுருக்களுக்குப் பொருத்தி, இயல்பாக்கிய லாப்லாசியனைக் கொண்டால் வளைவின் கீழ்வரம்பு −1க்குக் கீழே போகாது என்று காட்டினர். வரையறை இவ்வளவு எளிதாகக் கைக்கு வந்ததால் லீ–யாவ் சமனிலியும் உடனே வந்துவிடும் என்று எதிர்பார்த்திருக்கலாம். வரவில்லை.

தடை சங்கிலி விதி. லீ–யாவ் நிறுவலின் உயிர்நாடி மடக்கை. வெப்பநிலையின் மடக்கைக்கு லாப்லாசியனைச் செலுத்தினால், வெப்பநிலையின் லாப்லாசியனை வெப்பநிலையால் வகுத்த பகுதி ஒன்றும், சாய்வின் வர்க்கம் ஒன்றும் எனச் சுத்தமாகப் பிரியும். அந்தப் பிரிவைத் தருவது சங்கிலி விதி. கோட்டுருவில் இரு முனைகளின் மதிப்புகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தொலைவிலும் இருக்கலாம். நுண்ணிய மாற்றம் என்ற ஒன்றே கிடையாது. அதனால் மடக்கை உடைகிறது. மடக்கைக்குப் பதிலாக வெப்பநிலையின் படிகளை (அடுக்குகளை) எடுத்தால் அவையும் உடைகின்றன, ஒன்றைத் தவிர.

அந்த ஒன்று வர்க்கமூலம். ஒரு சார்பின் வர்க்கத்துக்கு லாப்லாசியனைச் செலுத்தினால் வருவது என்ன என்பதிலிருந்துதான் கோட்டுருவில் சாய்வின் வர்க்கமே வரையறுக்கப்படுகிறது. ஆகவே வெப்பநிலையை அதன் வர்க்கமூலத்தின் வர்க்கமாக எழுதினால், முற்றொருமை கோட்டுருவிலும் பிசகின்றி நிற்கிறது. பாவர், ஹார்ன், லின், லிப்னர், மங்கூபி, யாவ் ஆகிய அறுவர் 2015இல் ‘ஜர்னல் ஆஃப் டிஃபரென்ஷியல் ஜியாமெட்ரி’ இதழில் இந்தச் சிறு கவனிப்பின் மீது ‘அடுக்குக்குறி வளைவு–பரிமாணச் சமனிலி’யைக் கட்டி, லீ–யாவ் சமனிலியின் கோட்டுரு வடிவை நிறுவினர். பிறகு ஹார்ன், லின், லியூ, யாவ் ஆகியோர் அதன் வலுவான வடிவம் ஒன்றிலிருந்து இரட்டிப்புப் பண்பையும் போங்காரே சமனிலியையும் வருவித்தனர். டெல்மோட்டின் நிபந்தனைகள் இப்போது உள்ளூர்ச் சோதனையிலிருந்தே கிடைத்தன. இந்த நிபந்தனையில் ஒரு செயற்கைத்தன்மை உண்டு என்பது என் கருத்து. நிறுவலுக்கு எது வேண்டுமோ அதையே வரையறையாக்கியதுபோல் அது தோன்றுகிறது. பக்ரி–எமெரி செய்ததும் ஒருவகையில் அதுதான். ஆனால் அவர்களுக்குப் பின்னால் போக்னரின் வடிவியல் இருந்தது.

வளைவோடு தொலைவும் சிக்கலாயிற்று. சென்னையில் பிறந்த எஸ். ஆர். எஸ். வரதன் 1967இல் நிறுவிய வாய்பாடு இதற்கு நல்ல அளவுகோல். ஒரு புள்ளியில் இட்ட வெப்பம் இன்னொரு புள்ளியை எவ்வளவு அடைகிறது என்று சொல்வது வெப்ப உட்கரு. மிகக் குறுகிய நேரத்தில் அதன் மடக்கையை நேரத்தால் பெருக்கினால், அது இரு புள்ளிகளுக்கிடையிலான தொலைவின் வர்க்கத்தைக் காட்டிக்கொடுக்கும். கோட்டுருவில் அந்த எல்லை சுழியமாகிவிடும்; அங்கே குறுகிய நேர வெப்ப உட்கரு நேரத்தின் படியாகவே சுருங்குகிறது, அந்தப் படி இரு முனைகளுக்கிடையே எத்தனை விளிம்புகள் என்ற எண்ணிக்கை. தாவித் தாவிச் செல்லும் நடையில் காஸிய வடிவம் நெடுநேரத்துக்குப் பிறகே தலைகாட்டும். தொடக்கத்தில் ஆள்வது பாய்சான் வடிவம்.

முனையின் விளிம்புகள் வரம்பின்றிப் பெருகும் கோட்டுருக்களில் நிலைமை இன்னும் மோசம். நடப்பவன் வரையறுத்த நேரத்துக்குள் எண்ணற்ற தாவல்களைச் செய்து முடிவிலிக்கே ஓடிவிடலாம். மொத்த வெப்பம் குறைந்துபோகும். வழுவழுப்பான வெளியில், கன அளவு ஆரத்தின் வர்க்கத்தின் அடுக்குக்குறி வேகத்தில் வளர்ந்தாலும் வெப்பம் கசியாது என்பது கிரிகோரியன் தந்த அளவுகோலின் விளைவு. ஒவ்வோர் அடுக்கின் எல்லா முனைகளும் அடுத்த அடுக்கின் எல்லா முனைகளோடும் இணைந்த ‘எதிர்மரங்கள்’ என்ற கோட்டுருக்களிலோ, விளிம்புகளை எண்ணித் தொலைவை அளந்தால், முப்படியைச் சற்றே விஞ்சும் வளர்ச்சியிலேயே கசிவு தொடங்கிவிடுகிறது. வோய்ச்சிஹோவ்ஸ்கி காட்டிய எடுத்துக்காட்டு இது. தவறு அளவுகோலில் இருந்தது. எடைகளையும் அளவைகளையும் கணக்கில் கொண்ட ‘உள்ளார்ந்த தொலைவு’ வந்ததும் கிரிகோரியனின் அளவுகோல் கோட்டுருக்களிலும் மீண்டது. போபோ ஹுவாவும் லின்னும் 2017இல், முழுமையான, அளவை சுழியத்தை நெருங்காத கோட்டுருக்களில், பக்ரி–எமெரி வளைவுக்குக் கீழ்வரம்பு இருந்தாலே வெப்பம் கசியாது என்று நிறுவினர். கோங், லின், லியூ, யாவ் ஆகியோர் 2019இல் லீ–யாவ் சமனிலியையே வரம்பற்ற லாப்லாசியனுக்குக் கொண்டுவந்தனர். அதே ஆண்டில் மூன்ஷும் வோய்ச்சிஹோவ்ஸ்கியும் ஒலிவியேயின் போக்குவரத்து வளைவை எடுத்துக்கொண்டு கசிவின்மையை ஆராய்ந்தனர். வழுவழுப்பான வெளியில் வளைவு தொலைவின் வர்க்க வேகத்தில் கீழே இறங்கலாம். இங்கே மடக்கை வேகம் வரைதான் அனுமதி.

இந்தச் சூழலில்தான் மூன்ஷ் 2019இல் வேறொரு பக்கத்திலிருந்து வந்தார். வெப்பத்தின் மடக்கை வழுவழுப்பான வெளியில் நிறைவு செய்யும் சமன்பாடு ஒன்று உண்டு: நேர மாறுவீதம், லாப்லாசியனும் சாய்வின் வர்க்கமும் சேர்ந்த கூட்டுத்தொகைக்குச் சமம். கோட்டுருவில் மடக்கை அதை நிறைவு செய்யாது. போகட்டும், மடக்கையை விட்டுவிட்டு அந்தச் சமன்பாட்டின் தீர்வையே எடுத்துக்கொள்வோம் என்றார் அவர். அடுக்குக்குறி நிபந்தனை எதுவும் இல்லாமல், பக்ரி–எமெரியின் பழைய சமனிலியிலிருந்தே, வளைவு சுழியத்துக்குக் குறையாதபோது லீ–யாவ் மதிப்பீடும் இரட்டிப்புப் பண்பும் வந்தன. 2015இன் கட்டுமானத்தைவிட இதுவே இயல்பானது என்று நினைக்கிறேன்: அங்கே சங்கிலி விதியின் எச்சம் ஒன்றைத் தேடிப் பிடித்தார்கள், இங்கே அது தேவைப்படவே இல்லை.

இரட்டிப்புப் பண்பின் உடனடி விளைவாக, பரிமாணம் முடிவுறு எண்ணாக இருக்கும்வரை, சுழியத்துக்குக் குறையாத வளைவுள்ள எக்ஸ்பாண்டர் கோட்டுருக் குடும்பம் (விளிம்புகள் குறைவாக இருந்தும் வலுவாக இணைந்த, வளர்ந்துகொண்டே போகும் முடிவுறு கோட்டுருக்கள்) இருக்க முடியாது. பரிமாண நிபந்தனை இன்றியும் அது உண்மையா என்ற கேள்வியைச் சலே 2021இல் தீர்த்தார், விளிம்புகள் அருகிய கோட்டுருக்களுக்கு, பக்ரி–எமெரி வளைவு, ஒலிவியே வளைவு இரண்டிலும். கேள்வி முடிவுறு கோட்டுருக்களைப் பற்றியது. அவரது நிறுவலோ அவற்றின் எல்லையாக வரும் எல்லையற்ற சமவாய்ப்புக் கோட்டுருக்களுக்குச் சென்று, அங்கே நடக்கும் நடையின் என்ட்ரோபியைக் கொண்டு முடிகிறது.